தண்ணீர்ப் பக்கம் நடந்தவள்

எங்கள் ஊரில் வெளிநாட்டிலிருந்து வந்தவரைப் பார்த்தால் இரண்டு கேள்வி கேட்பார்கள். எப்ப வந்தீய? எப்ப போறீய? சலாம் சொன்ன மூச்சு அடங்குவதற்குள் இதுவும் வந்துவிடும். பதிலை யாரும் காதில் வாங்குவதுகூட இல்லை. சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில், தாமிரபரணியிலிருந்து பிரிந்து வரும் வாய்க்காலை ஒட்டிய ஊர் எங்களுடையது. வீட்டுக்கு ஒருவராவது சவூதியிலோ துபாயிலோ இருப்பார்கள். மற்ற ஊர்களில் ‘சாப்ட்டீயளா’ என்று கேட்பதைப் போல இங்கே இதைக் கேட்கிறார்கள், அவ்வளவுதான். நானும் எத்தனையோ பேரிடம் கேட்டவள்தான். அது ஒரு மனிதனை என்ன பாடு படுத்தும் என்பதை என் வீட்டுக்காரரோடு நடக்கப் போன பிறகுதான் கண்ணால் பார்த்தேன்.

போன மழைக்காலத்தில் அவர் லீவில் வந்தார். வந்தவர் பழைய ஆளாக இல்லை. அங்கே சவூதியில் ஒரு ரூமில் எட்டுப் பேர். இவருக்கு மேல்கட்டில், கீழ்க்கட்டிலில் ராஜபாளையத்துக்காரர் ஒருவர். இரண்டு பேரும் ஒரு தட்டில் சாப்பிட்டுப் பழகியவர்கள். ஒருநாள் காலையில் இவர் இறங்கிப் பல் தேய்த்து, டீ போட்டு, அவருக்கும் ஒரு கிளாஸ் கொண்டுபோய், “எந்திரிலே, வண்டி வந்துரும்” என்று தோளைப் பிடித்து உலுக்கியிருக்கிறார். உடம்பு சில்லிட்டிருந்தது. உறக்கத்திலேயே மாரடைப்பாம். அன்றிலிருந்து இவரால் படுக்க முடியவில்லை. முதுகு கட்டிலில் பட்டால் மூச்சு அடைக்கிறது என்பார். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி கண்ணை மூடுவார், கொஞ்ச நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழித்துவிடுவார்.

இதயத்துக்குப் பார்த்தோம், ஒன்றுமில்லை என்றார்கள். அவர் உம்மா, என் மாமி, பள்ளிவாசலில் ஓதி ஊதிய தண்ணீர் வாங்கிவந்து கொடுத்தார். கடைசியில் திருநெல்வேலியில் ஒரு மனநல டாக்டரிடம் போனோம். என்னைவிடச் சின்ன வயசு அந்த அம்மாவுக்கு. எல்லாம் கேட்டுவிட்டு, “உயிரோட இருக்க வேண்டாம்னு எப்பவாச்சும் தோணுதா?” என்று இவரிடம் நேராகக் கேட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இல்லாததையெல்லாம் இவர்களே எடுத்துக்கொடுப்பார்கள் போலிருக்கிறதே என்று நினைத்தேன். ‘அப்படிலாம் இல்ல மேடம்’ என்று இவர் சொல்லக் காத்திருந்தேன். இவர் மேசையின் விளிம்பையே பார்த்துக்கொண்டு, “தெரியல” என்றார்.

அதற்குப் பிறகு டாக்டர் சொன்னதெல்லாம் எனக்குப் பாதிதான் கேட்டது. மாத்திரை கட்டாயம் போட வேண்டும். தினமும் காலையில் மரம், தண்ணீர் இருக்கிற பக்கமாக நடக்க வேண்டும். கையில் போன் கூடாது, பேச்சுக் கூடாது. கண்ணுக்குத் தெரிவதைப் பார்க்க வேண்டும், காதுக்குக் கேட்பதைக் கேட்க வேண்டும், காலடியில் என்ன படுகிறது என்று கவனிக்க வேண்டும். “இப்போதைக்குத் தனியா விடாதீங்க, நீங்களும் கூடவே போங்க” என்று என்னிடம் சொன்னார்.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு மனசு ஆறவில்லை. கொக்கைப் பார்த்தால் தீருகிற நோய்க்கா இவ்வளவு தூரம் வந்தோம்! எங்கள் ஊரில் வயலுக்குப் போகிறவர்கள் எல்லாம் ஆயுசு முழுக்க மரத்தையும் தண்ணீரையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் அந்தத் ‘தெரியல’ என் காதிலேயே நின்றது. மறுநாளே கிளம்பிவிட்டோம்.

அவர் விடிவதற்கு முன் சுபுஹு தொழுதுவிட்டுப் பள்ளிவாசலிலிருந்து வர, நான் புர்காவைப் போட்டுக்கொண்டு தெருமுனையில் நிற்பேன் என்று ஏற்பாடு. புருஷனும் பெண்டாட்டியும் ஜோடியாகச் சும்மா நடப்பது எங்கள் பக்கம் வழக்கமில்லை. கல்யாணத்துக்குப் போவோம், ஆஸ்பத்திரிக்குப் போவோம். சும்மா எங்கே போவது? முதல் நாள் தார் ரோட்டில் ஆற்றுப் பாலத்தைப் பார்த்து நடந்தோம். நூறு அடி போவதற்குள் ஒரு பைக் நின்றது. எங்கள் தெரு டெய்லர். “எங்கன போறீய? ஏறுங்க, இறக்கி விடுதேன்” என்றார். சும்மா நடக்கிறோம் என்றதும் அவர் முகம் சுருங்கிவிட்டது. பெட்ரோல் போட்ட வண்டியை வேண்டாம் என்று சொல்லிவிட்டோமே. பிறகு என் காதோரம், “சுகரா?” என்றார். காலையில் நடந்தால் எங்கள் ஊரில் அது ஒன்றுதான் காரணம். “ஆமாண்ணே, சுகர்” என்றேன். அப்பாடா என்று வண்டியை எடுத்தவர், போகிற போக்கில் இவரிடம் கேட்டார்: “எப்ப போறீய?”

“போவணும்” என்றார் இவர். வலது கை மேலே போய்ச் சட்டையின் கழுத்துப் பட்டனைக் கழற்றியது. அடுத்து டீக்கடையில் கேட்டார்கள், இரண்டாவது பட்டன். பிறகு பால்காரர். கம்பளிக் குல்லாய் போட்டுக்கொண்டு ஊரே நடுங்குகிற மார்கழிக் குளிரில் இவருக்கு மட்டும் வேர்த்துக் கொட்டியது. பாலம் வரை போகாமலே வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன்.

அன்றைக்கே வேறு வழி பார்த்தேன். எங்கள் தெருவின் பின்பக்கம் ஒரு வாழைத்தோட்டம். அதன் வரப்பில் இறங்கினால் வாய்க்கால் கரை. கரை மேலேயே போனால் மருதமரங்கள் வரும், அதைத் தாண்டி ஆறு. வயல்காரர்களைத் தவிர அங்கே யாரும் வர மாட்டார்கள். புர்காவின் ஓரமெல்லாம் சேறாகும், ஆகட்டும். ஒரே ஒரு தொல்லைதான். கரை குறுகல். ஒரு பக்கம் நெல் வயல், ஒரு பக்கம் முழு வாய்க்கால். பிசான நெல்லுக்குத் தண்ணீர் விட்டிருந்தார்கள், கரை தொட்டு ஓடியது. நான் தண்ணீர்ப் பக்கம் நடப்பேன். திரும்பி வரும்போது பக்கம் மாறுமே, அப்போது இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்குகிற மாதிரி நின்று, இவரை முன்னால் விட்டு, சுற்றிவந்து மறுபடியும் தண்ணீர்ப் பக்கம் போய்விடுவேன். எனக்கு நீச்சல் தெரியாது. இருந்தாலும் அப்படித்தான் நடந்தேன்.

எனக்கு நடை என்றால் ஓட்டம். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தவள் நடைதான் எப்போதும். இவர் பின்னால் தங்கிவிடுவார். “பைய நட” என்று வாய் திறக்காமல் கையால் காட்டுவார். நின்று நின்று போவார். வயலில் சிலந்தி வலையெல்லாம் பனி பட்டு வெள்ளையாகத் தெரியும், அதைப் பார்ப்பார். மடையில் தண்ணீர் விழுகிற சத்தத்துக்கு நிற்பார். மேற்கே பொதிகை மலையில் வெயில் முதலில் உச்சியில் பட்டு, பிறகு மெல்ல மெல்லக் கீழே இறங்கும், அதையும் விட மாட்டார். அவர் கொக்கைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். கை எங்கே போகிறது, பட்டன் போட்டிருக்கிறதா, தண்ணீரை எவ்வளவு நேரம் பார்க்கிறார் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நடந்தேன். வீட்டுக்கு வந்ததும் எனக்குத்தான் தலைவலி வரும்.

வாழைத்தோட்டக்கார அண்ணாச்சி முதல் நாள் பார்த்தபோது இரண்டு கதலிப் பழத்தைப் பிய்த்து நீட்டினார். மறுநாள் அதே கை பாதியில் நின்றது. “உங்களுக்குச் சுகராமே. திங்கக் கூடாதுல்லா” என்று ஒன்றை மட்டும் என்னிடம் கொடுத்தார். வரப்பில் கொஞ்ச தூரம் போனதும் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. இவர் சிரிக்கிறார்! வந்த நாளிலிருந்து நான் கேட்காத சத்தம். என் பழத்தை வாங்கி அவரே தின்றார்.

அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தார். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஈரக் களிமண்ணில் நடப்பார். ஒருநாள் நானும் கழற்றினேன். விரலிடுக்கில் குளிர்ந்த சேறு பிதுங்கி ஏறியது. அடுத்த அடி, அதற்கடுத்த அடி என்று அதையே பார்த்துக்கொண்டு போனேன். கரண்ட் கம்பியிலிருந்து ஒரு மீன்கொத்தி நேராகத் தண்ணீரில் விழுந்து எழுந்தது. அதன் வாயில் மீன் இருக்கிறதா என்று பார்த்தேன். வீடு, பிள்ளைகள், மாத்திரை எதுவுமே தலைக்குள் இல்லை. டாக்டர் சொன்னது இதைத்தானோ என்று தோன்றிய அதே நொடியில் தூக்கிவாரிப் போட்டது. இவரை மறந்துவிட்டேனே! நிமிர்ந்து பார்த்தால் இவர் எனக்கு முன்னால், தண்ணீர்ப் பக்கம் நடந்துகொண்டிருந்தார். ஓடிப்போய் இடையில் நுழைந்தேன்.

“நான் அங்கன விழ மாட்டேன் புள்ள” என்றார் மெதுவாக.

“யாரு சொன்னா விழுவீயன்னு? இங்கனதான் காத்து வருது” என்றேன். அவர் வயல் பக்கம் ஒதுங்கி எனக்கு இடம் விட்டார்.

இப்போது ஒன்றைச் சொல்ல வேண்டும். அவர் தேற வேண்டும் என்று நான் துடித்ததற்கு இரண்டு காரணம் இருந்தது. ஒன்று, அவர் எனக்கு வேண்டும். இன்னொன்று, அவருடைய விசா. ஜனவரிக் கடைசிக்குள் திரும்பிப் போகாவிட்டால் அந்த வேலை போய்விடும். எங்கள் வீட்டு மாடி கம்பி நீட்டியபடி பாதியில் நிற்கிறது. இரண்டு பெண் பிள்ளைகள். அந்த வேலையை வாங்கிக் கொடுத்தது என் காக்கா, கூடப் பிறந்த அண்ணன். அவனும் அங்கேதான் இருக்கிறான். தினமும் போனில், “மச்சான் எப்படி இருக்காரு? நல்லா நடக்க வச்சு ஆளைத் தேத்தி அனுப்பு” என்பான். “அல்ஹம்துலில்லாஹ், நேத்து கொஞ்சம் படுத்து உறங்குனாவ” என்று நானும் சொல்வேன். படுத்து உறங்கினார் என்று நான் சொன்னதை நம்பித்தான் அவன் திருவனந்தபுரத்திலிருந்து கிளம்பும் பிளேனுக்கு டிக்கெட் போட்டான். வருகிற வெள்ளிக்கிழமை. இவரிடமும் அவனே போனில் சொல்லிவிட்டான். இவர் “சரி” என்றார்.

மறுநாள் நடக்கும்போது கழுத்துப் பட்டன் திறந்திருந்தது. மீன்கொத்தி கம்பியில்தான் இருந்தது, இவர் பார்க்கவில்லை. மடைச் சத்தத்துக்கு நிற்கவில்லை. கால் மட்டும் நடந்தது. அன்று ராத்திரி மறுபடியும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். எனக்கு எல்லாம் தெரிந்தது. நடக்கும்போது பேசக் கூடாது என்று டாக்டர் சொன்னது எனக்கு நல்ல வசதியாகப் போயிற்று. போங்கள் என்றும் சொல்ல முடியவில்லை, போகாதீர்கள் என்றும் வாய் வரவில்லை. போனால் அந்த ரூமில், அந்தக் கட்டிலில் என்ன ஆவாரோ என்று பயம். போகாவிட்டால் நாங்கள் என்ன ஆவோமோ என்று பயம்.

வெள்ளிக்கு முந்தின புதன்கிழமை, அசந்து தூங்கிவிட்டேன். எழுந்து பார்த்தால் பக்கத்தில் அவர் இல்லை. பள்ளிக்குப் போயிருப்பார் என்று அவசரமாகத் தொழுது, தெருமுனையில் போய் நின்றேன். தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். கடைசி ஆளும் வந்துவிட்டார். பள்ளிக் கதவோரம் நின்ற ஒருவரிடம் கேட்டேன். “மாப்ள இன்னைக்கு வரலியேம்மா” என்றார்.

வீட்டுக்கு ஓடினேன், மாடியில் பார்த்தேன், இல்லை. அவர் போன் ஜன்னலில் இருந்தது. என் போனை எடுத்துக்கொண்டு, பிள்ளைகளை மாமியிடம் விட்டுவிட்டு வெளியே வந்தேன். ஏனோ பாலம்தான் நினைவுக்கு வந்தது. தார் ரோட்டில் ஓடினேன். டீக்கடையில், “எங்க வீட்டுக்காரவுகளப் பாத்தீயளா?” என்றேன். “பாக்கலியே. வெள்ளிக்கிழமை போறாவளாமே?” என்றார்கள். பால்காரர் எதிரில் வந்தார். “இந்தப் பக்கம் வரலம்மா. எப்ப போறாவ?” நான் பதில் சொல்லாமல் ஓடினேன். பாலத்தில் யாருமில்லை. கீழே ஆறு பாறைகளுக்கு நடுவில் ஓடிக்கொண்டிருந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். எதைத் தேடுகிறேன் என்று எனக்குத் தெரிந்தது. யா அல்லாஹ், யா அல்லாஹ் என்று மட்டும் வாயில் வந்தது.

அப்போதுதான் வாழைத்தோட்டத்து வழி ஞாபகம் வந்தது. திரும்பி ஓடினேன். பள்ளிவாசல் எதிரில் எங்கள் தெருப் பெரியவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் மகனும் என் காக்காவும் சவூதியில் ஒரே ரூம். கூடவே நாலைந்து பேர். என்னைப் பார்த்ததும் அவர் அன்பாகத்தான் கேட்டார். “என்னம்மா இப்படி ஓடி வாற? மாப்ளைக்கு டிக்கெட் வந்திருச்சாமே. எப்ப போறாவ?”

நான் நின்றேன். மூச்சு இரைத்தது.

“போவல! அவிய எங்கயும் போவல! டிக்கெட்டும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். இனிமே இந்தக் கேள்விய எங்க வீட்ல யார்ட்டயும் கேக்காதீய!”

பள்ளிவாசல் முன்னால் நின்று ஒரு பெண் கத்தி நான் பார்த்ததில்லை. பெரியவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். என் வாயிலிருந்து வந்ததை நானே அப்போதுதான் கேட்கிறேன். வெட்கப்பட நேரமில்லை. வாழைத்தோட்டத்துக்குள் இறங்கி ஓடினேன்.

வாய்க்கால் கரையில் ஏறியதும் அவருடைய செருப்புகள் தெரிந்தன. ஜோடியாக, தண்ணீரைப் பார்த்து இருந்தன.

தண்ணீர் கலங்கலாக வேகமாகப் போனது. உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தபோதுதான் தரையைப் பார்த்தேன். செருப்புக்கு அந்தப் பக்கம் ஈர மண்ணில் ஒரு கால்தடம். அதற்கடுத்து இன்னொன்று. வெறுங்கால். தண்ணீர்ப் பக்கம் போகாமல் கரையோடு போயிருந்தது. எழுந்து குனிந்தபடியே போனேன். விரல்கள் நன்றாகப் பதிந்திருந்தன, அவசரமில்லாத நடை. ஒவ்வொரு தடத்தையும் பார்த்து, அடுத்தது இருக்கிறதா என்று பார்த்து, அதன் பக்கத்திலேயே என் காலை வைத்து நடந்தேன். ஓடினால் தவறவிட்டுவிடுவேனோ என்று ஓடவில்லை. ஓரிடத்தில் தடம் கரையை விட்டு வயல் பக்கம் இறங்கியது. தலை தூக்கினேன். மருதமரத்துக்குக் கீழே, அகலமான வரப்பில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அவர் போவதும் வருவதுமாக நடந்துகொண்டிருந்தார்.

“சொல்லிட்டு வரக் கூடாதா?” என்று கத்தினேன். அழுகையும் சேர்ந்து வந்தது.

“நீ ஒரு நாளாவது உறங்கட்டும்னுதான் புள்ள. இங்கனயே தொழுதுட்டேன்.” என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார். “என்ன, பிள்ளைகளுக்கு என்ன?”

அதற்குள் என் கையில் போன் அடித்தது. காக்கா. பெரியவர் மகனுக்குச் செய்தி போய், அவன் என் அண்ணனிடம் சொல்லி, சவூதிக்கே தெரிந்துவிட்டது. இவருக்குத்தான் இன்னும் தெரியாது. போனைக் கட் பண்ணிவிட்டு இவர் பக்கம் திரும்பினேன்.

“மச்சான், நான் ஒரு காரியம் பண்ணிட்டேன். நீங்க போவலன்னு சொல்லிட்டேன்.”

“யார்ட்ட?”

“ஊர்ட்ட.”

அவர் என்னையே பார்த்தார். என்னைக் கேட்காமல் நீ எப்படிச் சொல்லலாம் என்று எந்த ஆம்பளையும் கேட்பான். அதற்குத் தயாராகத்தான் நின்றேன். அவர் “வீடு?” என்றுதான் கேட்டார்.

“கம்பி அங்கனயே நிக்கட்டும். துணி காயப் போடுதேன்.”

அவர் வரப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். “போவலன்னு சொல்லணும்னுதான் தினமும் நினைச்சேன். வாய் வரல” என்றார். தோள் குலுங்கியது. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். மறுபடியும் காக்கா கூப்பிட்டான். பேசாமல் சத்தத்தை மட்டும் நிறுத்தி, போனைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டேன்.

அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். மாத்திரை இன்னும் போடுகிறார். வள்ளியூரில் ஒரு கடையில் வேலைக்குப் போகிறார், செலவு கையைக் கடித்துக்கொண்டுதான் இருக்கிறது. காக்கா என்னோடு மாதக்கணக்கில் பேசவில்லை. ஆனால் அன்று காலை நடந்தது இது. அழுகை அடங்கியதும் என் மடியில் தலையை வைத்தார். காலை நீட்டினார். முதுகை நன்றாகப் புல்லில் வைத்து, மல்லாந்து படுத்தார். நான் ஏதோ சொல்லக் குனிந்தபோது உறங்கிவிட்டிருந்தார்.

வெயில் மருதமரத்து இலைகளுக்குள் இறங்கி அவர் நெற்றியில் விழுந்தது, கையால் மறைத்தேன். மண்வெட்டியோடு வந்த வாழைத்தோட்டக்கார அண்ணாச்சி எங்களைப் பார்த்துத் திகைத்து நின்றார். விரலை உதட்டில் வைத்துக் காட்டினேன். அவர் சத்தமில்லாமல் அடுத்த வரப்பில் சுற்றிக்கொண்டு போனார். கரை மேல் இரண்டு பெண்கள் நின்று பார்த்துவிட்டுத் தங்களுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டார்கள். பார்க்கட்டும். தொடைக்குக் கீழே போன் விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. கால் மரத்துப்போய் இடுப்பு வரை ஏறியது. நான் அசையவில்லை. அவர் நெஞ்சு மேலே போனது, கீழே இறங்கியது. இறங்கியது மறுபடியும் ஏறுகிறதா என்று ஒவ்வொரு தடவையும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.